கூத்தடிக்கிறோமாம்

மூன்று நாளாக எங்கே திறந்தாலும் அந்த வீடியோதான். பிள்ளைகள் வட்டமாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மேலே ஒரு வரி: "பாடம் நடத்தச் சொன்னால் கூத்தடிக்கிறார்கள்." அந்த வகுப்பு என்னுடையது.

அந்தக் கயிறு எதற்கு என்று ஒருவராவது கேட்டீர்களா? அது மின்சுற்று. கயிற்றை இழுத்து இழுத்து விடுகிற பையன் பேட்டரி. மற்றவர்கள் கையில் கயிறு தளர்வாக ஓடும். ஒருத்தி மட்டும் இறுக்கிப் பிடிப்பாள், அவள் பல்பு. கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளங்கை சூடாகிவிடும். "டீச்சர், சுடுது!" என்று கத்தினாளே, அப்போது எழுந்த சிரிப்புதான் நீங்கள் பார்த்தது. மின்னோட்டம் பல்புக்குள் போய்த் தீர்ந்துவிடும் என்றுதான் என் வகுப்பில் பாதிப் பேர் முந்தின நாள்வரை நினைத்திருந்தார்கள். கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டும் அது போகவில்லை. பல்பைத் தாண்டியும் கயிறு அதே வேகத்தில்தான் ஓடுகிறது என்று கையில் உணர்ந்த பிறகுதான் போனது. இது கூத்து இல்லை, பாடம்.

"போர்ஷனை எப்போது முடிப்பீர்கள்?" என்கிறார்கள். கயிற்றுக்கு ஆனது 12 நிமிடம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, பிறகு விடைத்தாளிலும் அதே தவறைத் திருத்துகிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கயிறு மின்சாரம் ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, இதில் எது மின்சாரத்துக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பேச வைக்கிறேன். அந்தப் பேச்சு இல்லையென்றால் வெறும் விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது!

இப்படி நடித்துப் படிப்பது புது ஃபேஷனும் இல்லை. ஹாரியட் ஃபின்லே ஜான்சன் 1897 முதல் 1910 வரை இங்கிலாந்தில் ஒரு கிராமப் பள்ளியின் தலைமையாசிரியை. வரலாற்றையும் புவியியலையும் பிள்ளைகளே நாடகமாக்கி நடித்துப் படித்தார்கள். அவருக்குப் பின்னால் வந்த டாரத்தி ஹீத்கோட் 14 வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவர். பிற்பாடு நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார். ஆசிரியர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காமல், தானும் ஒரு பாத்திரமாகி உள்ளே இறங்க வேண்டும் என்பது அவர் வழி. இவர்களும் கூத்தடித்தார்களா?

அப்புறம், "கூச்சமுள்ள பிள்ளைகளை வதைக்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் அதிகம் வலித்தது. ஏனென்றால் அந்தப் பிள்ளை நான். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். விடை தெரிந்தும் தெரியாது என்று தலையாட்டி உட்கார்ந்த நாட்கள் எத்தனையோ. ஒருநாள் வரலாற்று ஆசிரியை என்னைத் தூதுவராக்கி, போர் வேண்டாம் என்று அரசரிடம் வாதாடச் சொன்னார். வாதாடினேன்! அத்தனை பேர் முன்னாலும் பேசியது தூதுவர், நான் இல்லையே. என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த ஒரு பீரியடை எனக்குக் கொடுத்தவரையும் இப்படித்தான் பேசியிருப்பீர்களா?

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நேற்று பல்பாக நின்ற பிள்ளை வந்து, "டீச்சர், நாம பண்ணினது தப்பா?" என்று கேட்டாள். வீட்டில் யாரோ காட்டியிருக்கிறார்கள், கமெண்டுகளையும் சேர்த்து. தப்பில்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. இன்றைக்கு வகுப்பில் கை தூக்கவே இல்லை.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் நூறு பேர் இருப்பீர்கள். பிள்ளைகளின் முகம் அப்படியே தெரிகிறது. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.