சிங்கப்பூர் வீவக வீடு: 15 சதவீதம் ஒதுக்கீடு அல்ல, உச்சவரம்பு

"ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடம்) இந்தியர்களுக்கு 15 சதவீத வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது, இந்தியர் வீட்டை இந்தியருக்கே விற்க வேண்டும்" என்று சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை விதிப்பது ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு மட்டுமே. புளோக்குக்கு சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 சதவீதம் (2010 வரை 13). பல புளோக்குகள் சேர்ந்த பேட்டை அளவில் 84, 22, 12. கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதே, ஒதுக்கீடு எப்படி ஆகும்?

வரம்பு எட்டாதவரை எந்த இனத்தவருக்கும் விற்கலாம். சிக்கல் எட்டிய பிறகுதான். 100 வீட்டு புளோக்கில் சீனர் வீடுகள் 87 ஆகிவிட்டால், இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. எண்ணிக்கை 88 ஆகிவிடும். சீனர் சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. ஆக இந்தியருக்கு வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது, விலையும் இறங்கக்கூடும். இந்தக் குறை நிஜம்; விற்கத் திணறுவோரிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022-இல் அறிவிக்கப்பட்டது.

வரம்பு எட்டியதா என்ற நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படும். முன்பணம் கைமாறும் முன்பே வீவக இணையச் சேவையில் புளோக் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.