பின் பார்வதியும் ஒன்பது நாள் லீவும்

(புதுடெல்லியில் ஓர் அரசுக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை. சித்தப்பா ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். காப்பியில் சர்க்கரை குறைந்தாலும் நோட் போட்டுத்தான் தெரிவிப்பார். நித்யா அண்ணன் மகள். மணாலியில் மலையேற்றப் பயிற்சி முடித்தவள். சாப்பாட்டு மேஜையில் ஹிமாச்சல் வரைபடம். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் எவர்சில்வர் டம்ளர்.)

சித்தப்பா: இந்தா, டூர் ப்ரோகிராம். மூன்று நகல். ஐந்து நாள் ஈ.எல். லீவு, முன்னாலும் பின்னாலும் சனி ஞாயிறு. ஆக ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறினால், பத்தாம் நாள் திங்கட்கிழமை காலை நான் சீட்டில் இருப்பேன்.

நித்யா: நடக்கவே ஒன்பது நாள் ஆகும் சித்தப்பா. குலு பக்கத்தில் பார்ஷைனியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மறுபடி ரோட்டைப் பார்ப்பது ஸ்பிதி பக்கத்தில், மட் கிராமத்தில்தான். நூறு கிலோமீட்டருக்கு மேல்.

சித்தப்பா: நூற்றுப்பத்து என்றே வைத்துக்கொள். ஒரு நாளைக்கு இருபது. ஐந்தரை நாளில் முடிந்தது. மிச்ச நாளில் ஷாப்பிங்.

நித்யா: சமதரையில் சரி. இங்கே நடுவில் 5,319 மீட்டரில் ‘பின் பார்வதி’ என்று ஒரு கணவாய் இருக்கிறது. அதைத் தாண்டப் பனியாற்றின் மேல் நடக்க வேண்டும். என் ப்ரோகிராமைப் பாருங்கள்.

சித்தப்பா: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) பதினாலு நாளா! இதென்ன, மூன்று இடத்தில் ‘ஆர்’ என்று போட்டிருக்கிறாய்? ரயிலா?

நித்யா: ரெஸ்ட், ரிசர்வ். அன்றைக்கு நகர மாட்டோம். சும்மா இருப்போம்.

சித்தப்பா: சும்மா இருப்பதற்கு ஏம்மா ஈ.எல்.? அதற்கு ஆபீசே போதுமே.

நித்யா: வழியில் வருகிற கீர்கங்காவே கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர். அதற்கு மேல், இன்று படுக்கிற இடத்தைவிட நாளைக்குப் படுக்கிற இடம் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். உடம்பு பழக வேண்டுமே. பகலில் வேண்டுமானால் இன்னும் மேலே போய்விட்டு இறங்கி வந்து படுக்கலாம். அது நல்லதும்கூட.

சித்தப்பா: கஷ்டப்பட்டு ஏறி, இறங்கி வந்து படுத்து, மறுநாள் அதே இடத்துக்கு மறுபடி ஏறுவதா? இதை ஆடிட்டில் என்ன சொல்லி நியாயப்படுத்துவாய்?

நித்யா: மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அவ்வளவுதான் என்று சொல்வேன்.

சித்தப்பா: நான் நவம்பர் மாதம் டெல்லியில் வாக்கிங் போகிறவன். என்னிடம் ஆக்சிஜன் கதை சொல்கிறாயே!

நித்யா: ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தலைவலி, குமட்டல் எது வந்தாலும் மறைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கைடு உங்களை நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்வார். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். நடுராத்திரியானாலும் கீழே இறக்கிவிடுவோம்.

சித்தப்பா: முப்பது வருஷ சர்வீஸ். ஒரு ரிடையர்மென்ட் பார்ட்டியில்கூட டம்ளரைத் தொட்டதில்லை. என்னைப் போய்க் கோட்டில் நடக்கச் சொல்வார்களா?

(சித்தப்பா எழுந்து தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நடந்து காட்டுகிறார். நன்றாகத்தான் நடக்கிறார். நாற்காலியை மட்டும் கவனிக்கவில்லை.)

நித்யா: உட்காருங்கள். வழி சொல்கிறேன். கீர்கங்கா, துண்டா புஜ், டாகுர் குவான், அப்புறம் பாண்டு புல். ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பெரிய பாறைதான் பாலம். பாண்டவர்கள் போகும்போது பீமன் தூக்கிப் போட்டது என்று சொல்கிறார்கள்.

சித்தப்பா: இன்னுமா நிற்கிறது? அப்போ டெண்டர் விடாமல் போட்டிருப்பான்.

நித்யா: அதற்கு மேலே மந்தலாய் ஏரி. பார்வதி ஆறு அங்கிருந்துதான் வருகிறது. 1884-இல் லூயி டேன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கணவாயைத் தாண்டினார். ஐ.சி.எஸ். அதிகாரி. பிற்பாடு பஞ்சாபுக்கு லெப்டினன்ட் கவர்னராகவே ஆனார்.

சித்தப்பா: அவருக்கு எத்தனை நாள் லீவு கொடுத்தார்கள்?

நித்யா: ஸ்பிதிக்கு வேறு வழி தேடித்தான் போனாராம்.

சித்தப்பா: அப்போ ஆன் டூட்டி! படி, பயணச் செலவு எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். சரி, சாப்பாடு?

நித்யா: கீர்கங்காவை விட்டால் மட் வரைக்கும் கடை கிடையாது. எல்லாம் நாமே சுமக்க வேண்டும். குக்கர் உட்பட.

சித்தப்பா: குக்கர் எதற்கு? பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் ஆகாதா?

நித்யா: ஐயாயிரம் மீட்டர் பக்கத்தில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது.

சித்தப்பா: எங்கள் ஜாயின்ட் செக்ரட்டரி மீட்டிங் மாதிரி என்று சொல்லு. எழுதிக்கொள், குக்கர் ஒன்று. கேஸ்கட் இரண்டு.

நித்யா: பரவாயில்லையே, கேஸ்கட் எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும். ஐஸ் மேல்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும். காலையில் நிமிர்த்தினால் மூடிப்பக்கம் தண்ணீராக இருக்கும், குடிக்கலாம். போன் பேட்டரி, ஈரமான சாக்ஸ் எல்லாம் தூங்கும் பைக்குள்ளே உடம்போடு இருக்க வேண்டும்.

சித்தப்பா: என் சாக்ஸா? உடம்போடா?

நித்யா: உங்கள் சாக்ஸ், உங்கள் உடம்பு. ஆனால் கூடாரம் எனக்குத் தனி.

சித்தப்பா: சரி. கணவாய் தாண்டும் நாள் என்ன கிழமை?

நித்யா: எல்லாம் சரியாக நடந்தால் திங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

சித்தப்பா: (பஞ்சாங்கத்தைப் புரட்டி) குலுவிலிருந்து ஸ்பிதி கிழக்கே. திங்கட்கிழமை கிழக்கே சூலம்! ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அந்த நேரத்தில் நாம் எங்கே இருப்போம்?

நித்யா: அநேகமாகக் கணவாய் மேலே.

சித்தப்பா: சூலத்துக்குப் பரிகாரம் இருக்கிறது, தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். உறைமோர் ஊற்றி வைத்துவிடு.

நித்யா: அந்தக் குளிரில் தயிர் எப்படித் தோயும்? காலையில் செங்கல் மாதிரி இருக்கும்.

சித்தப்பா: இரண்டு மணிக்கு ஏன்? காப்பி குடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் பனி ஓடியா போகும்?

நித்யா: இளகிப் போகும். ராத்திரி இறுகிக் கிடக்கிற பனி கல் மாதிரி நம்மைத் தாங்கும். வெயில் ஏறினால் முழங்கால் வரைக்கும் அமுங்கும். அது போகட்டும். பனியாற்றில் ஆழமான பிளவுகள் இருக்கும், மேலே மெல்லிசாகப் பனி மூடியிருக்கும். மதியத்தில் அந்த மூடி நம்மைத் தாங்காது.

சித்தப்பா: மூடியே இல்லாத குழிகளுக்குத் தப்பி முப்பது வருஷம் டெல்லியில் நடந்திருக்கிறேன். மூடி இருக்கிற குழிக்கா பயப்படுவேன்?

நித்யா: அதனால்தான் நாலு பேரை ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போவது. நடுவில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி. கயிறு தொய்யக் கூடாது. முதலில் கைடு, கம்பால் குத்திக் குத்திப் பார்த்துப் போவார்.

சித்தப்பா: ஒருத்தர் விழுந்தால்?

நித்யா: மற்ற மூன்று பேரும் அந்த நொடியே குப்புற விழுந்து, ஐஸ் கோடாலியைப் பனியில் குத்தி, பூட்ஸ் முனையை ஊன்றி நிறுத்த வேண்டும்.

சித்தப்பா: நான் எண்பத்தாறு கிலோ.

நித்யா: தெரியும். அதனால்தான் உங்களை நடுவில் போட்டிருக்கிறேன்.

சித்தப்பா: மரியாதைக்கா?

நித்யா: பாதுகாப்புக்கு. எங்கள் பாதுகாப்புக்கு.

(சித்தப்பா தன் வயிற்றைக் குனிந்து பார்க்கிறார். அதற்காகக் குனியத் தேவையில்லை.)

சித்தப்பா: உன் சித்திக்குத் தினமும் ராத்திரி போன் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் அவளே கிளம்பி வந்துவிடுவாள்.

நித்யா: பள்ளத்தாக்குக்குள்ளே போய்விட்டால் சிக்னல் கிடையாது. ஸ்பிதி பக்கம் இறங்கித்தான் பேச முடியும்.

சித்தப்பா: துபாயில் இருக்கிற என் நண்பனிடம் சாட்டிலைட் போன் வாங்கி வரச் சொல்கிறேன்.

நித்யா: அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் இங்கே கேஸ் போடுவார்கள் சித்தப்பா. நீங்கள் அரசு ஊழியர்.

சித்தப்பா: (சட்டென்று குரலைத் தாழ்த்தி) எனக்குத் துபாயில் நண்பன் யாரும் கிடையாது. பதிவு செய்துகொள்.

நித்யா: ரிட்டர்ன் டிக்கெட்டையும் இப்போது எடுக்க வேண்டாம்.

சித்தப்பா: அதெப்படி? ஸ்பிதியில் காஜாவிலிருந்து குன்சும் கணவாய் வழியாக மணாலி, அங்கிருந்து டெல்லி என்று எழுதியே விட்டேனே.

நித்யா: அது தாண்டினால். கணவாய்க்குக் கீழே முகாம் போட்ட பிறகு மேகம் கவிந்தால் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்போம். அப்போதும் தெளியவில்லை என்றால் வந்த வழியே பார்ஷைனிக்குத் திரும்ப வேண்டியதுதான். காஜாவில் வெளியே வருவோமா குலுவில் வெளியே வருவோமா என்று முகாமில்தான் தெரியும். டிக்கெட் கையில் இருந்தால் அந்தத் தேதிக்காகவே ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றும். அதுதான் ஆபத்து.

சித்தப்பா: இத்தனை நாள் நடந்து, கண்ணெதிரே கணவாய் தெரிகிறது, திரும்பி வருவதா? லீவுப் பயணச் செலவு கேட்கிற எல்.டி.சி. பாரத்தில் ‘சேரும் இடம்’ என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. ‘மட் அல்லது மறுபடியும் புறப்பட்ட இடம்’ என்று எழுதினால் அக்கவுன்ட்ஸில் இருக்கிறவன் பாரத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவான்.

நித்யா: நடந்து போனதற்கு எல்.டி.சி.யே கிடையாது சித்தப்பா.

சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்போ எதற்கு மூன்று நகல்? (ப்ரோகிராமை மடித்துப் பையில் வைக்கிறார். அரசாங்கக் காகிதம் வீணாவது அவருக்குப் பிடிக்காது. எடுத்து வந்தது வேறு விஷயம்.) சரி. பதினாலு நாள் லீவு கேட்கிறேன். செப்டம்பர்தானே?

நித்யா: செப்டம்பர் முதல் வாரம். ஆகஸ்டில் குலு பக்கம் மழை. லீவு சரி, உடம்பு? இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது என்ன ஏறுகிறீர்கள்?

சித்தப்பா: வாராவாரம் செவ்வாய்க்கிழமை மலை மந்திர். ஒரு படிகூட விடாமல் ஏறி முருகனைப் பார்க்கிறேன்.

நித்யா: இனிமேல் வாரத்துக்கு நாலு நாள். ஒவ்வொரு தடவையும் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். அதுவும் நடக்கப்போகிற அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு. புது பூட்ஸோடு மலைக்குப் போனால் இரண்டாம் நாளே குதிகால் கொப்பளித்துவிடும்.

சித்தப்பா: பூட்ஸோடு கோவிலுக்கா?

நித்யா: படிக்கட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே கழற்றச் சொல்வார்களோ? அப்போ கோவிலில் வெறுங்காலோடு ஏறுங்கள், பூட்ஸை நம் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு இடத்திலும் முதுகில் பன்னிரண்டு கிலோ இருக்க வேண்டும்.

சித்தப்பா: பன்னிரண்டு கிலோவுக்கு என்னத்தை வைப்பது?

நித்யா: அரிசியை வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: அரிசி மூட்டையோடு மலை மந்திர் ஏறினால் அன்னதானத்துக்கு என்று முதல் நடையிலேயே வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து நடை என்றால் நூற்றிருபது கிலோ! பொருளாகக் கொடுத்தால் எண்பது ஜி வரிச்சலுகையிலும் வராதே அம்மா!