மினிமம் டியூ கட்டினால் வட்டி வராது என்பது தவறு

"கிரெடிட் கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டினால் போதும், வட்டியே வராது" என்ற செய்தி ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது உண்மையல்ல. மினிமம் டியூ, அதாவது பில்லில் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகை, தாமதக் கட்டணத்தைத்தான் தவிர்க்கும். மீதித் தொகைக்கு வட்டி ஏறுவதோடு, புதிதாக வாங்கும் பொருள்களுக்கான வட்டியில்லாக் காலமும் பறிபோகும். மாத வட்டி 3.5 சதவீதம் எனில், 40,000 ரூபாய் நிலுவைக்கு 1,400 ரூபாய் வட்டியும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 252 ரூபாயும் சேர்வதால், சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டும் 2,000 ரூபாயில் அசலில் கழிவது வெறும் 348 ரூபாய்தான் என்பது வேதனைக்குரியது. மினிமம் டியூ மட்டும் கட்டினால் வட்டிக்கு வட்டி சேர்ந்து கடன் நீளும் என்ற எச்சரிக்கையை மாதப் பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. உங்கள் பில்லிலேயே அதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.