ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வழக்கா?

அமெரிக்காவில் மாநில நீதிமன்றம் தண்டித்த அதே துப்பாக்கிக் குற்றத்துக்கு ஃபெடரல் (மத்திய) அரசு மறுபடி வழக்குப் போட முடியாது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படி இல்லைங்க. இரண்டும் தனித்தனி அரசுகள், தனித்தனிச் சட்டங்கள். அதனால் இரண்டு வழக்கும் செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என மறுபடியும் உறுதிசெய்தது. அலபாமாவின் மொபீல் நகரில், காரின் முன்விளக்கு பழுது என்று போலீஸ் நிறுத்தியதில் ஆரம்பித்த வழக்கு அது. உள்ளே குண்டு நிரப்பிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி. ஓட்டியவர் ஏற்கெனவே கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர், அதனால் அவர் துப்பாக்கி வைத்திருந்ததே இரண்டு சட்டங்களிலும் குற்றம். முதலில் மாநில வழக்கு, அப்புறம் ஃபெடரல் வழக்கு.

உச்ச நீதிமன்ற இணையதளத்தில் 17-646 என்ற வழக்கு எண்ணைத் தேடினால் தீர்ப்பு கிடைக்கும். தொடக்கச் சுருக்கமே போதும். நண்பரின் வாதமும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது, நீதிபதிகள் கின்ஸ்பர்க், கோர்சச் இருவரின் மாறுபட்ட கருத்துகளில்.