முதல்ல ஆத்துல இறங்கி அளங்க, அப்புறம் கோடு போடுங்க

சனிக்கிழமை கூட்டத்து வீடியோவைப் பார்த்திருப்பீங்க. "ஏன் அப்படிக் கத்துன?"ன்னு காலையிலேர்ந்து இன்பாக்ஸ்ல கேக்குறீங்க. இங்கேயே சொல்லிடறேன்.

எண்ணூர் கழிமுகத்துக்கு, அதான் ஆத்துத் தண்ணியும் கடலும் கலக்குற இடத்துக்கு, வெள்ளச் சமவெளி ஆய்வுன்னு ஆய்வுக்காரங்க கூப்பிட்டாங்க. வெள்ளம் எதுவரைக்கும் பரவும்னு எல்லைக்கோடு போடற வேலை. திரையில ஒரு மேப். வெள்ளம் வர்ற இடம் நீலம், வராத இடம் வெள்ளை. எர்ணாவூர்ல எங்க தெரு வெள்ளையா இருந்துச்சு. ஆத்துல எத்தனை இடத்துல குறுக்குவெட்டு, அதாவது கரைக்குக் கரை அகலமும் ஆழமும், அளந்தீங்கன்னு கேட்டேன். "கள அளவீடு அடுத்த கட்டத்துல வரும் சார், இது சாட்டிலைட் தரவு"ன்னாங்க. அங்கதான் எனக்குக் குரல் ஏறிடுச்சு, மைக் வெச்சிருந்த தம்பி கையிலேர்ந்து அதைப் பிடுங்கிட்டேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல தண்ணியோட எண்ணெயும் வந்துச்சே, மறந்துட்டீங்களா? தண்ணி வடிஞ்சதும் அத்தை வீட்டுச் சுவத்துல கருப்பா ஒரு கோடு நின்னுச்சு. ரெண்டு தடவை சுண்ணாம்பு அடிச்சாச்சு, இன்னும் பழுப்பா மேல வந்துக்கிட்டே இருக்கு. என் இடுப்புக்கு ஒரு சாண் மேல. ஒரு லெவல் கருவியை வெச்சுப் பார்த்தா அன்னைக்குத் தண்ணி எவ்வளவு உயரம் ஏறுச்சுன்னு பத்து நிமிஷத்துல சொல்லிடலாம். இந்த மாதிரி கோடு எத்தனையோ வீட்டுல இருக்கு. ஒருத்தர் வந்து அளக்கல.

"நீ என்ன எஞ்சினியரா?"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லை. பத்து வருஷம் சர்வே வேலையில ஸ்டாஃப், அதான் உயரம் பார்க்குற அளவுகோல், பிடிச்சவன். பெஞ்ச்மார்க்குல, அதாவது உயரம் குறிச்சு வெச்ச அடையாளத்துல, அரை அடி தப்பினா மழைநீர்க் கால்வாய்ல தண்ணி எதிர்ப்பக்கம் ஓடும், கண்ணால பார்த்திருக்கேன். இலவசமாக் கிடைக்கிற சாட்டிலைட் உயரத் தரவுல ஒரு கட்டம் 30 மீட்டர். உயரத்துல சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். எங்க ஊரே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேல. அவங்க தப்போட அளவுதான் எங்க வீட்டோட உயரம்! தண்ணிக்கு அடியில தரை எங்க இருக்குன்னு அந்தத் தரவுல கிடையவே கிடையாது.

அடியிலதான் எல்லாமே இருக்கு. காட்டுக்குப்பத்துல மாமா படகுல போகும்போது முன்னெல்லாம் கம்பு தரையைத் தொடாத இடத்துல இப்போ இறங்கி நிக்கலாம். கால் வெச்சா அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு விரல் இடுக்குல இட்லி மாவு மாதிரி ஏறும். ஆழம் பாதியாப் போன ஆத்துக்குப் பழைய ஆழத்தைப் போட்டுக் கணக்குப் பண்ணா, கம்ப்யூட்டர்ல ஆறு எல்லாத் தண்ணியையும் கடலுக்குக் கொண்டுபோய் விட்டுடும். நிஜத்துல எங்க வீட்டுக்குள்ள விடும்.

பூண்டி ஏரியைத் திறந்தா கொசஸ்தலை ஆத்துல வருது. புழல் ஏரி உபரித் தண்ணி மணலி வழியா வருது. பக்கிங்காம் கால்வாய் வேற. எல்லாத்துக்கும் கடலுக்குப் போற வாசல் ஒரே முகத்துவாரம், அதுலயும் மணல் திட்டு. கடல் இறங்கியிருந்தா ஓடுற அதே தண்ணி, அமாவாசைக்குக் கடல் ஏறி நின்னா திரும்பி ஊருக்குள்ள வரும். புயல்னா கேக்கவே வேணாம். கடல் மட்டத்தையும் சேர்த்து நீரோட்டக் கணக்குப் போடாம வெள்ளத்துக்கு எல்லைக்கோடு எப்படிப் போட முடியும்? முதல்ல அளவு, அப்புறம் கணக்கு, கடைசியாத்தான் கோடு.

நேரம் ஆகும், செலவாகும்னு சொல்றீங்க. ஆகட்டும். சாட்டிலைட்டே வேணாம்னு நான் சொல்லல. தண்ணி எவ்வளவு தூரம் பரவுச்சுன்னு பார்க்க அது நல்லா உதவும். உயரத்துக்கும் ஆழத்துக்கும் உதவாது.

"எதைக் கொண்டுவந்தாலும் எதிர்க்கறீங்க"ன்னு சொல்றதுதான் தாங்க முடியல. துறைமுகம் வந்துச்சு, அனல்மின் நிலையம் வந்துச்சு, சாம்பல் குளம் வந்துச்சு. எங்ககிட்ட யார் கேட்டாங்க? 1996-ல ஒப்புதல் வாங்குன கடலோர வரைபடத்துல எண்ணூர் கழிமுகம் இருந்துச்சு. 2017-ல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்குன வரைபடத்துல அந்தக் கழிமுகமே இல்லை! ஒரு கழிமுகத்தையே காணாமப் போகவெச்ச மேப்பைப் பார்த்தவங்க நாங்க. இன்னைக்கு எங்க தெருவை வெள்ளையாக் காட்டுனா சும்மா உக்கார முடியுமா? 2021-ல மணலி புதுநகர் மூழ்கினப்போ அங்க சொந்தக்காரங்க வீட்டுச் சாமானை மாடிக்கு ஏத்துன கை இது. வெள்ளைன்னு காட்டுன இடத்துல நாளைக்கு மனை போட்டு விப்பாங்க, வாங்கறது எங்க பசங்கதான்.

மைக்கைப் பிடுங்கினதுக்கு அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். கேள்விக்கு இல்லை.

வர்ற அமாவாசைக்கு விடியக்காலையில காட்டுக்குப்பத்துல மாமா படகு நிக்கும். ஆய்வுக்காரங்க கருவியை எடுத்துக்கிட்டு வாங்க. டீசல் எங்க செலவு, ஸ்டாஃப் நான் பிடிக்கிறேன்.