பொம்மைக் கதை என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சிறுகதைகளை விரும்பிப் படிப்பவள் நான், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. "அறிவியல் புனைகதை என்பது வளராத பையன்களின் பொம்மை. ராக்கெட் இருக்கும், ரோபோ இருக்கும், மனுஷன் மட்டும் இருக்க மாட்டான்" என்றார். அரங்கம் சிரித்தது. இரண்டாவது வரிசையில் இருந்த நான், மடியில் வைத்திருந்த புத்தகத்தின் அட்டை தெரியாதபடி கவிழ்த்து வைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் அப்படிச் செய்தேன் என்பதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

மனுஷன் இல்லையா? சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

மேரி ஷெல்லி 1797-ல் பிறந்த சில நாட்களிலேயே அவருடைய அம்மா இறந்துபோனார். பதினேழு வயதில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டு வாரத்துக்குள் இறந்தது. 1815 மார்ச்சில் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைக்கிறார். குழந்தைக்கு உயிர் திரும்பிவிட்டதாம். அது சில்லிட்டுத்தான் போயிருந்ததாம், நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டதாம். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. மறு வருடம் ஜெனீவா ஏரிக்கரையில், உயிரற்ற உடலுக்கு உயிர் கொடுக்கிற ஒருவனின் கதையை எழுதத் தொடங்கினார். அதுதான் 1818-ல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. இந்த இலக்கிய வகையின் தொடக்கம் என்று பலரும் சொல்லும் நாவல். அதை எழுதியவர் பையன் இல்லை ஐயா, பிள்ளையைப் பறிகொடுத்த பெண்.

சினிமாவில் பார்த்த, கழுத்தில் போல்ட் வைத்த உருவத்தை மறந்துவிட்டு நாவலைப் படியுங்கள். அந்தப் படைப்பு ஒரு குடிசையை ஒட்டி ஒளிந்துகொண்டு, சுவரிலிருக்கும் இடுக்கு வழியாக அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறது. பார்வையில்லாத பெரியவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் தயங்கித் தயங்கி உள்ளே போகிறது. முகம் தெரியாததால் அவர் அன்பாகப் பேசுகிறார். பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்கள், மகன் தடியால் அடிக்கிறான். உண்டாக்கியவனோ அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை, கண் திறந்ததுமே ஓடிவிட்டான். பெற்றுப்போட்டுவிட்டு ஓடியவன் கதை இது. இதில் மனுஷன் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறான்?

இருநூறு வருடமாக அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: நீ உண்டாக்கியதற்கு நீ பொறுப்பா, இல்லையா? யாரை மனிதன் என்று கணக்கில் சேர்ப்பாய், யாரை வெளியே நிறுத்துவாய்? 'ரோபோ' என்ற சொல்லே காரெல் சாபெக் 1920-ல் எழுதிய செக் நாடகத்திலிருந்து வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து எடுத்தது. அந்த நாடகத்து ரோபோக்கள் தகரப் பொம்மைகள் இல்லை. சதையைப் போன்ற ஒன்றிலிருந்து ஆலையில் செய்யப்பட்டு, கூலி கேட்காமல் உழைப்பவர்கள். பண்ணையாளின் வலியை எழுதும் மண் நம்முடையது. நமக்கா இது புரியாது?

'ராக்கெட்' என்றாரே, அதற்கும் வருகிறேன். ஆங்கில எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவல் 1898-ல் புத்தகமாக வந்தது. அதில் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தில் வந்து விழுகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியா தீவை இழுக்கிறார்: ஐம்பது வருடத்தில் அந்த மக்களை ஐரோப்பியர்கள் துடைத்தழித்தார்களே, அப்புறம் செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி என்கிறார். பேரரசு உச்சத்தில் இருந்தபோது, அதன் நடுவில் உட்கார்ந்து எழுதியது. நம் பேச்சாளர் அன்று காலனியம் பற்றி அரை மணி நேரம் பேசினார். இதைப் படித்திருந்தால் அவருக்கே உதவியிருக்கும்.

உடனே சிலர் வருவீர்கள், தெரியும். பாதிக்கு மேல் குப்பை என்பீர்கள். ஆமாம், குப்பை நிறைய. குடும்ப நாவலிலும் நிறைய.

கசுவோ இஷிகுரோவைச் சொன்னால், "அவர் நோபல் வாங்கியவர், அவரை இதில் சேர்க்காதீர்கள்" என்று ஒரு நண்பர் முன்பே சொல்லியிருக்கிறார். இதுதான் என்னை உண்மையில் கோபப்படுத்துவது. 2005-ல் வந்த அவருடைய 'நெவர் லெட் மீ கோ' நாவலில், உறுப்புகளை எடுப்பதற்காகவே நகலாக்கி வளர்க்கப்படும் பிள்ளைகள் வருகிறார்கள். கேத்தி என்ற சிறுமி ஒரு கேசட் பாட்டுக்குத் தலையணையைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கண்மூடி ஆடுகிறாள். அவளுக்குப் பிள்ளை பிறக்காது. கண்ணைத் திறந்தால் வாசலில் ஒரு அம்மாள் நின்று தேம்பிக்கொண்டிருக்கிறார். அந்த நாவலில் எனக்கு நினைவில் நிற்கும் இயந்திரம் அந்த டேப் ரிக்கார்டர் ஒன்றுதான். நன்றாக இருந்தால் இலக்கியம் என்று எடுத்துக்கொண்டு போவீர்கள், மோசமாக இருந்தால் எங்கள் தலையில் கட்டுவீர்கள். இப்படிக் கணக்குப் போட்டால் எந்த வகைதான் தேறும்?

"இதெல்லாம் நம் மண்ணுக்கு ஒட்டாது" என்பவர்களுக்கு: சிறுவயதிலிருந்தே பர்தாவுக்குள் வளர்ந்த வங்கப் பெண் ரொக்கேயா, ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் வெயிலின் சூட்டை வைத்துச் சமைத்து நாட்டையும் ஆளும் ஒரு கதை எழுதினார். 'சுல்தானாவின் கனவு.' 1905-ல் அதை வெளியிட்டது நம் சென்னையிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகை, 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. அந்தக் கூட்டம் நடந்த இதே ஊர்.

எழுத எழுத எங்கேயோ போகிறேன். ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா போனபிறகு அம்மாவின் போனில் அவருடைய குரல் பதிவு ஒன்று தங்கிவிட்டது. கடைத்தெருவில் நின்றுகொண்டு அனுப்பியது. "பால் இருக்கா, வாங்கிட்டு வரணுமா?" அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, மெதுவாக, "இருக்குங்க" என்றாள். நான் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். அப்போது ஸ்டானிஸ்வாஃப் லெம் எழுதிய 'சோலாரிஸ்' நாவலில் பாதியில் இருந்தேன். ஒரு கிரகம் முழுக்கக் கடல். அந்தக் கடல் கெல்வின் என்பவனுக்கு, எப்போதோ தற்கொலை செய்துகொண்ட மனைவியைத் திருப்பி அனுப்புகிறது. பயந்துபோய் ஏமாற்றி ராக்கெட்டில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுகிறான். தூங்கி எழுந்தால் மறுபடியும் வந்து நிற்கிறாள். தான் அவள் இல்லை என்பது அவளுக்கே தெரியாது.

அப்பாவின் குரலை வைத்து இப்போது புதிதாகவே பேசவைக்கலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் நல்ல மனதோடுதான் சொன்னான். வேண்டாம்ப்பா என்றேன். எங்கிருந்து அப்படிச் சொல்லத் தெரிந்தது எனக்கு? 1961-ல் போலந்தில் வந்த அந்தப் புத்தகத்திலிருந்துதான்.

ஞாயிறன்று மடியில் கவிழ்த்து வைத்ததும் அதுதான். வீட்டுக்கு வந்து கோபத்தில் அம்மாவிடம் கதையைச் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நேற்று ராத்திரி படுக்கையிலிருந்து, "ஏன்டி, அந்தப் பொண்ணு தான் நிஜம் இல்லைன்னு தெரிஞ்சப்புறம் என்ன பண்ணினா?" என்றாள். இன்னும் சொல்லவில்லை.