ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்

காரின் முன்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான், ஆனால் வண்டியைத் தூக்க ஜாக்கியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்களே! வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாட்டத்தான். அடியில் ஜாக் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் தாங்கி) கொடுக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

அப்புறம் காலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேடை அழுத்தும் பாகம். கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுங்கள். புது பேடுக்கு இடம் கிடைக்க காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே ஏறும்; பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவையும் ஒரு கண் பாருங்கள். ஆயில் வழிந்து வண்டி மேலே பட்டால் பெயின்ட் போச்சு. மாட்டி முடித்ததும் பெடலை இறுக்கம் வரும்வரை மிதித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தணும். இல்லையென்றால் முதல் மிதிக்கு பிரேக்கே பிடிக்காது. டிஸ்க்கில் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், நானாக இருந்தால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுவேன்.